புற்றை வெட்டிய காவலர்

அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, மாயக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. ஆளுக்கொரு நாயகரை எடுத்துக்கொள்ள, சத்திரக்காரர் முதல் எதிரி வரை மற்ற எல்லோருக்கும் கதை நடத்துபவர் ஒருவரே குரல் கொடுப்பார். ஒருவரே பலராகப் பேசுவது தென்மாவட்டத்து வில்லுப்பாட்டுக்குப் பழகிய கலைதான். ஆனாலும் பல ஆட்டங்கள் இந்தத் துணைப் பாத்திரங்களால்தான் சப்பென்று போய்விடுகின்றன. வழிகாட்ட ஒரு கிழவர், வாள் விற்க ஒரு கொல்லர். வேலை முடிந்ததும் காணாமல் போகிறார்கள். நாயகர் வந்தாலும் வராவிட்டாலும் நடந்துகொண்டிருக்கும் ஒரு சொந்தக் காரியம் துணைப் பாத்திரத்துக்கு இருந்தாக வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு நல்ல சான்று சங்கரன்கோவில் தலபுராணத்தில் இருக்கிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவர் சிவபக்தர், மற்றவர் திருமால் பக்தர். யார் பெரியவர் என்ற அவர்களுடைய வழக்கு அம்பாளிடம் வருகிறது. இரு தெய்வமும் ஒன்றாகத் தோன்ற வேண்டும் என்று கோமதியம்மன் புன்னை வனத்தில் தவமிருக்க, சங்கரநாராயணர் காட்சி தருகிறார். நாகர்களின் வழக்கை எடுத்துவிட்டால் தவத்துக்கே காரணம் இல்லை. அவர்கள் வழி சொல்ல வந்தவர்கள் அல்ல. தங்கள் மனத்தில் எரிந்த கேள்வியோடு வந்தவர்கள். இன்னும் நுட்பமானவர் அந்த வனத்தின் காவலர். தன்பாட்டுக்குப் புற்றை வெட்டுகிறார், உள்ளிருந்த பாம்பின் வால் அறுபடுகிறது, அருகே லிங்கம் தெரிகிறது, பதறி அரசன் உக்கிரபாண்டியனிடம் ஓடுகிறார். கோயில் எழுகிறது. அரசனுக்குச் சேதி சொல்வதற்கென்றே கதைக்குள் வந்தவர் அல்ல அவர்; அன்றாட வேலையில் இருந்தவர். அதனால்தான் அவரை நம்ப முடிகிறது.

துணைப் பாத்திரத்துக்கு இவ்வளவு கனம் கொடுத்தால் ஆடுபவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். அந்தப் பயம் வேண்டாம். நாகர்கள் கேள்வியைக் கொண்டுவந்தார்களே தவிர, தீர்வைத் தாங்களே எடுத்துக்கொள்ளவில்லை. ஆசையும் அவசரமும் துணைப் பாத்திரங்களுடையதாக இருக்கட்டும், முடிவு ஆடுபவர்களுடையது. தெய்வக் கதையை விளையாட்டாக்கலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. கூடாது என்றே நினைக்கிறேன். அந்தத் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசு விழாவுக்கு இன்றும் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து வணங்கும் அம்மனுக்காகப் பகடை உருட்ட யாருக்கும் உரிமையில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது கதை கட்டிய முறையை மட்டும். கற்பனை நாடொன்றில் ஒரு மடைக்காவலரை வையுங்கள். சேறு அள்ளும்போது மூழ்கிப்போன நகரத்தின் முத்திரை அவர் கையில் கிடைக்கிறது. அரசாங்கத்துக்குச் சொன்னால் குளத்தை வற்றடித்துத் தோண்டுவார்கள். கடைமடை வயல்களில் பயிர் பால் பிடிக்கும் பருவம். அறுவடை வரை மறைத்துவைக்க நினைக்கிறார். நாயகர்கள் அந்த முத்திரையைத் தேடித்தான் ஊருக்குள் வருகிறார்கள்.