மங்கிய கண்ணுக்கு ஒரு மெல்லிய அடுக்கு!

குட்டீஸ், ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி உயரம். காவிரிப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் அந்தக் கோபுரம், மறுபக்கம் திருச்சி மலைக்கோட்டை. இந்த இரண்டையுமே ஒருவரின் பார்வையிலிருந்து மறைத்துவிடும் பொருள் ஒன்று உண்டு. அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான்! அதுதான் கருவிழி.

பெயர்தான் கருவிழி, உண்மையில் அதற்கு நிறமே இல்லை. கைக்கடிகாரத்தின் மேலுள்ள கண்ணாடி போல, கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் படலம் அது. காயம், கிருமி, வைட்டமின் 'ஏ' குறைவு போன்றவற்றால் அது வெளுத்துப் போனால் பார்வை மங்கிவிடும்.

1905-ல் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழி மாற்றினார். 1945-ல் டாக்டர் முத்தையா சென்னை எழும்பூரில் நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். அந்த நாட்களில் முழுக் கருவிழியையும் எடுத்துவிட்டு, புதியதை வைத்துச் சுற்றிலும் தைப்பார்கள். பார்வை தெளிவாகப் பல மாதங்கள் ஆகும்.

இப்போது கெட்டுப்போன அடுக்கை மட்டும் மாற்றலாம். கருவிழியின் உள் அடுக்கில் உள்ள செல்கள், மோட்டார் பம்ப் போல நீரை வெளியேற்றுகின்றன. அவை குறைந்தால் நீர் கோத்து, கருவிழி மங்கும். டாக்டர்கள் அந்த அடுக்கை உரித்துவிட்டு, தானமாகக் கிடைத்த மெல்லிய படலத்தைப் பாய் போலச் சுருட்டி, சிறு துளை வழியே செலுத்துவார்கள். பிறகு ஒரு காற்றுக்குமிழியை விட்டு அதை ஒட்ட வைப்பார்கள். நோயாளி மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான்! சில சமயம் ஒரே கருவிழியின் முன் அடுக்கை ஒருவருக்கும், உள் அடுக்கை இன்னொருவருக்கும் வைக்கிறார்கள்.

ஆனால் எவ்வளவு நுட்பம் வளர்ந்தாலும், படலத்தை ஒருவர் தானம் தந்தால்தான் சிகிச்சை. இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும். வீடே அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் யாருக்கு இது நினைவு வரும்? தகவல் சொல்ல ஆளில்லாமலே பல கண்கள் வீணாகின்றன.

அதனால், இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் பேசுங்கள். மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தாவும், கண்புரை ஆபரேஷன் செய்த பாட்டியும்கூடக் கண்தானம் செய்யலாம். முகம் விகாரமாகாது. பக்கத்துக் கண் வங்கியின் போன் நம்பரைக் கேட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அந்த நம்பரால் ஒருநாள் யாரோ ஒருவர் ராஜகோபுரத்தை மறுபடி பார்ப்பார்!