லயத்தில் நத்தார்: புதிய மரபுகளும் பழைய காணிக் கேள்வியும்

டித்வா புயல் வீசி ஒரு மாதம் நிறைவடைவதற்கு முன்பே இம்முறை நத்தார் வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் ஏற்பட்ட இந்த அனர்த்தத்தில் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே இழப்பு மிக அதிகம். மண்சரிவு அபாயம் காரணமாக லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருக்கின்றன. திரும்பிச் சென்றவர்களும் இரவில் மழை பெய்தால் உறங்குவதில்லை.

இந்தச் சூழலில் நத்தாரைப் பற்றிப் பேசுவது அவசியமா என்று சிலர் கேட்கக்கூடும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு பண்டிகை பற்றிய முதல் நினைவுகள் பதியும் காலம் இதுதான். அந்த நினைவில் எது இருக்கப் போகிறது என்பது பெற்றோருக்கும் சமூகத்துக்கும் சிறிய விடயமல்ல.

லயத்தின் நத்தார்

மலையகத் தோட்டங்களில் கிறிஸ்தவத்தின் வரலாறு நீண்டது. 1854இல் ஆரம்பிக்கப்பட்ட 'தமிழ் கூலி மிஷன்' திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமாரைக் கொண்டு தோட்டம் தோட்டமாகப் பணியாற்றியது. அதன் பெயரே அக்காலத்தில் இம்மக்கள் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லும். டிக்கோயாவில் 1878இல் எழுந்த வோர்லி தேவாலயம் தோட்டத்துரைமாரின் காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

தொழிலாளர்களின் நத்தார் வேறு விதமாக வளர்ந்தது. பெரும்பான்மையானோர் இந்துக்களாக உள்ள லயங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. தீபாவளிக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்த பலகாரத் தட்டு, நத்தாருக்குக் கேக்கும் முறுக்குமாகத் திரும்பிப் போகும். தைப்பொங்கலுக்கு அது மீண்டும் வரும். கரோல் குழு லயம் லயமாக வரும்போது அதன் பின்னால் ஓடும் பிள்ளைகளில் யார் எந்தச் சமயம் என்று எவரும் பார்ப்பதில்லை. இஸ்தோப்பில் நட்ட சைப்ரஸ் கிளை, பாசி பிடுங்கி வந்து அமைத்த பாலன் குடில் ஆகியவற்றுக்குப் பெரிய செலவும் இருக்கவில்லை.

மாறிய வாழ்க்கை

இந்த நத்தாரைப் பல விடயங்கள் மாற்றியிருக்கின்றன. முதலாவது, பெற்றோரின் இன்மை. அம்மா மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் அப்பா கொழும்பில் கடையிலும் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் தோட்டங்களில் ஏராளம்.

இரண்டாவது, பணம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அது 1,550 ரூபாவாக உயரும் என்றும், அரசாங்கம் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபா வழங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது ஜனவரியிலிருந்துதான். இந்த நத்தார் பழைய சம்பளத்தில், புயலால் வேலைநாட்கள் குறைந்த மாதத்தில் வருகிறது. பண்டிகை முற்பணமோ மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படும் கடன். ஒரு நாள் கொண்டாட்டத்தின் சுமையை குடும்பம் மாதக்கணக்கில் சுமக்கிறது.

மூன்றாவது, கையிலுள்ள தொலைபேசி. அதில் தெரியும் நத்தாரில் பனி பெய்கிறது, பெரிய மரத்தடியில் பரிசுப் பொதிகள் குவிந்திருக்கின்றன. நுவரெலியா விடுதிகளும் விடுமுறைக்கு வருவோருக்காக அதே தோற்றத்தில் அலங்கரிக்கப்படுகின்றன. பிள்ளை இரண்டையும் பார்த்துவிட்டுத் தன் காம்பராவைப் பார்க்கிறது.

எதைத் தொடங்கலாம்?

புதிய மரபு என்றால் புதிய செலவு என்று பொருள்கொள்ளத் தேவையில்லை. ஆண்டுதோறும் தவறாமல் செய்யக்கூடிய ஒன்றாக அது இருந்தால் போதும். குடில் கட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடலாம். குடிலில் பாலனை வைப்பது வீட்டின் கடைக்குட்டியின் வேலை என்று முடிவு செய்யலாம்.

அம்மா வெளிநாட்டில் இருந்தால், அவருடன் பேசும் நேரத்தையே பண்டிகையின் மைய நேரமாக்கலாம். இங்கு நள்ளிரவு 12 மணியாகும்போது குவைத்திலும் சவூதியிலும் இரவு 9.30. அந்நேரத்தில் பல பெண்களுக்கு வேலை முடிந்திருக்காது. ஆகவே அம்மாவுக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறதோ, அப்போதுதான் இந்த வீட்டில் நத்தார் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இவ்வருடம் இறந்தவர்களையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றி, பெயர்களைச் சொல்லி நினைவுகூரலாம். பிள்ளை கேள்வி கேட்டால் அதற்கு விளங்கும் அளவில் உண்மையைச் சொல்லலாம். பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. அனர்த்தத்தைக் கண்ட பிள்ளைக்கு வழமையான நேரத்தில் சாப்பாடு, தெரிந்த முகங்கள், தெரிந்த பாட்டு ஆகியவையே பாதுகாப்பு உணர்வைத் திருப்பித் தருகின்றன.

உதவ வரும் அமைப்புகளும் அரசியல்வாதிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பரிசு கொடுத்து, படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கம் இம்முறையும் ஆரம்பித்துவிட்டது. அந்தப் பொருட்களைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், பிள்ளைக்கு அதைக் கொடுப்பவர் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருப்பார். எல்லாவற்றையும் இழந்து நிற்கும் பெற்றோருக்கு அந்த மரியாதையாவது மிஞ்சட்டும்.

இடம் இல்லாத மரபு

இவை யாவும் குடும்பங்களால் செய்யக்கூடியவை. குடும்பங்களால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. எந்த மரபும் மறு ஆண்டு அதே வீட்டில் திரும்ப நிகழ வேண்டும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. லயத்தில் நான்கைந்து தலைமுறையாக வாழ்பவரிடம் உறுதி இல்லை. 7 பேர்ச்சஸ் காணியுடனான வீட்டுத்திட்டங்களும் இந்திய வீட்டுத்திட்டமும் ஒரு பகுதியினரையே எட்டியிருக்கின்றன.

முழுமையாக அழிந்த வீடுகளுக்கு 50 இலட்சம் ரூபா வழங்கப்படும் என ஜனாதிபதி அறிவித்திருக்கிறார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் லயன் அறையில் இருந்தவர் சட்டப்படி எந்த வீட்டின் உரிமையாளர்? ஒரே காம்பராவில் வாழ்ந்த மூன்று குடும்பங்கள் ஒன்றாகக் கணக்கிடப்படுமா, மூன்றாகவா? அபாய வலயத்திலுள்ள லயத்திலிருந்து எழுப்பப்படுபவருக்கு எந்த மலையில், யாருடைய காணியில் இடம்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதில் அடுத்த பருவமழைக்கு முன்னரே வர வேண்டும்.

மலையக மக்கள் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் காணி உரிமையையும் கோரியே நடந்தார்கள். பாடசாலை மண்டபத்தின் மூலையில் பிள்ளைகள் இவ்வருடம் கட்டும் குடிலுக்குப் பின்னாலும் அதே கோரிக்கைதான் இருக்கிறது. அடுத்த டிசெம்பரில் அதைத் தங்கள் பெயரில் உறுதியுள்ள ஒரு வீட்டில் அவர்களால் கட்ட முடியுமா என்பதை அரசாங்கமும் கம்பனிகளுமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.