முத்திரைக்கும் காலாவதி வேண்டும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவேளை இல்லாமல் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய பந்தயம் ட்ரையத்லான். பெரிய பந்தயங்களில் விடிகாலையில் முதலில் தண்ணீரில் இறங்குபவர்கள் தொழில்முறை வீரர்கள். பரிசுப் பணம் அவர்களுக்குத்தான். சற்று நேரம் கழித்து, ஐந்தைந்து வயதாகப் பிரிக்கப்பட்ட அமெச்சூர்கள் இறங்குவார்கள். அவர்களில் பல் மருத்துவர் இருப்பார், வங்கி ஊழியர் இருப்பார், பேரன் பேத்தி எடுத்தவரும் இருப்பார். பாதையும் தூரமும் எல்லோருக்கும் ஒன்றே. போன பருவம் வரை முதல் கூட்டத்தோடு இறங்கியவர், தொழில்முறை உரிமத்தைக் கைவிட்டுவிட்டு இரண்டாவது கூட்டத்தில் வந்து நிற்கலாமா? அந்த விளையாட்டில் ஓயாமல் கிளம்பும் வழக்கு இது.

வழக்கு புதிதல்ல. 1879-இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் பந்தய நிர்வாகிகள் அமெச்சூர் யார் என்று எழுதிவைத்தார்கள். பணத்துக்காகத் துடுப்பு போட்டவருக்கு இடமில்லை என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கைத்தொழில் செய்து கூலி வாங்கியவர், உடலுழைப்புத் தொழிலாளி ஆகியோருக்கும் இடமில்லை என்றார்கள். 1920-இல் பிலடெல்பியாவில் கொத்தனார் வேலை பார்த்த ஜான் கெல்லி ஹென்லியின் டைமண்ட் ஸ்கல்ஸ் பந்தயத்துக்கு விண்ணப்பித்தார். அவருடைய கிளப்பின் மீது பழைய தடை ஒன்று இருந்தது. கரண்டி பிடித்த கை என்பதும் சேர்ந்துகொண்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த ஆண்டு அந்தப் பந்தயத்தை வென்றவர் ஜாக் பெரெஸ்ஃபோர்ட். அதே கோடையில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் இறுதியில் கெல்லி அவரை ஒரு விநாடியில் முந்தித் தங்கம் வாங்கினார். ஆனாலும் ஹென்லி அசையவில்லை. 1936-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த போலீஸ்காரர்களின் படகுக் குழுவையும் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டுதான் அந்த விதி நீங்கியது.

கிரிக்கெட்டில் இதே நோய் நாகரிகமான உடையில் திரிந்தது. கனவான்கள் ஒரு பக்கம், கூலிக்கு ஆடுபவர்கள் மறுபக்கம் என்று 1806 முதல் தனிப் போட்டியே நடந்தது. ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு. ஸ்கோர் அட்டையில் கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பின்னால். இளம் வயதில் ஃப்ரெட் டிட்மஸ் லார்ட்ஸ் மைதானத்தில் இறங்கியபோது அவருடைய இனிஷியல் தவறுதலாக முன்னால் அச்சாகிவிட, அதைத் திருத்தி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்பது கிரிக்கெட் உலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. இத்தனைக்கும் கனவான் பட்டியலில் இருந்த டபிள்யூ. ஜி. கிரேஸ், தொழில்முறை ஆட்டக்காரர்கள் கனவிலும் காணாத பணத்தை ஆட்டத்தில் சம்பாதித்தவர். இந்தக் கூத்து 1962-இல்தான் முடிவுக்கு வந்தது.

இவற்றிலெல்லாம் கொடுமையானது ஜிம் தோர்ப்பின் கதை. அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த தோர்ப், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் காசுக்கு அவர் பேஸ்பால் ஆடியிருந்த சேதி 1913 ஜனவரியில் வெளிவந்தது. கல்லூரி மாணவர்கள் புனைபெயரில் ஆடிப் பணம் வாங்குவது அப்போது ஊரறிந்த ரகசியம். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடியதால் மாட்டிக்கொண்டார். ஆட்சேபணையை 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் விதியே சொல்லியிருந்தும், அந்தக் கெடு தாண்டிப் பல மாதங்கள் கழித்துப் பதக்கங்களைப் பறித்தார்கள். 1982-இல் அவரை இணை வெற்றியாளர் என்றார்கள். தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022-இல். தோர்ப் 1953-லேயே இறந்துவிட்டார்.

பணம் வாங்கி ஆடுவது இழுக்கு என்று சட்டம் எழுதியவர்களுக்குப் பணத்தேவை இருந்ததில்லை. கீழே இருப்பவன் மேலே ஏறி வரக்கூடாது என்பதற்காக எழுப்பிய சுவர் அது. அந்தச் சுவர் மெல்லத்தான் இடிந்தது. 1988-இல் சியோலில் டென்னிஸ் தொழில்முறை வீரர்களும், 1992-இல் பார்சிலோனாவில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து நட்சத்திரங்களும் ஒலிம்பிக்கில் நுழைந்தார்கள். 1995-இல் ரக்பி யூனியனும் கதவைத் திறந்தது.

ட்ரையத்லான் இந்தச் சுமை இல்லாமல் பிறந்த பிள்ளை. 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேன் பந்தயத்தில் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், உடன் வந்தவர்கள் பீரைக் கொடுத்து ஓடவைத்தார்கள். அங்கே யார் அமெச்சூர், யார் தொழில்முறை என்று கேட்க ஆளில்லை. ஹவாய் பந்தயத்தில் பரிசுப் பணம் 1986-இல் வந்தது. பணம் வந்ததும் பிரிவும் கெட்டிப்பட்டது.

ஆனால் இங்கே காவலின் திசை மாறிவிட்டது. மேலே இருப்பவர் கீழே இறங்கி வந்து அள்ளிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதுதான் இன்றைய விதியின் கவலை. அதில் நியாயம் இருக்கிறது. ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் பந்தயத்துக்கான தகுதி இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. வேலைக்குப் போய்க்கொண்டே, விடியுமுன் எழுந்து பயிற்சி செய்து ஓர் இடத்தைக் குறிவைக்கும் ஒருத்திக்கு, நேற்றுவரை பயிற்சியே வேலையாக இருந்தவர் பக்கத்தில் நின்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

இருந்தும் பணத்தை அளவுகோலாக்கினால் பழைய தவறுக்கே திரும்புவோம். தொழில்முறை உரிமம் வைத்திருந்தும் விமானச் செலவுக்குக்கூடப் பரிசுப் பணம் போதாதவர்கள் இந்த விளையாட்டில் ஏராளம். மறுபக்கம், விலையுயர்ந்த சைக்கிளும் தனிப் பயிற்சியாளரும் வைத்திருக்கும் அமெச்சூர்களும் உண்டு. உரிமம் பெறும் வேகம் இருந்தும் வாங்காமல், வயதுப் பிரிவிலேயே பரிசுகளைக் குவிப்பவரை எந்த விதியும் தொடுவதில்லை. 1995-இல் ஸ்பெயின் சைக்கிள் சுற்றுப் பந்தயத்தை வென்ற லோரான் ஜலபேர், ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழித்து 2007-இல் கோனாவில் ஓடினார். அவர் கால்களில் இருந்த பழைய உழைப்பை எந்தப் பிரிவில் வைத்து எடைபோடுவது?

காலத்தை வைத்துத்தான். சிகரத்தில் இருந்த உடம்பு, முழுநேரப் பயிற்சி நின்றதும் மெல்ல இறங்குகிறது; வயதுப் பிரிவு என்ற ஏற்பாடே அந்த உண்மையின் மேல் நிற்பது. ஆகவே ஒரே பருவத்தில் இரண்டு பக்கமும் ஓடக்கூடாது. உரிமத்தை விட்டவர் ஒரு முழுப் பருவம் ஒதுங்கியிருக்க வேண்டும். அதன்பின் அவரும் மற்றவர்களைப் போல ஒரு போட்டியாளர். தகுதி இடம் கிடைத்தால் அதுவும் அவருக்கு உரியது. இந்தக் கெடு பந்தயத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்; ஆட்சேபணைக்கும் நாள் குறித்திருக்க வேண்டும்; அந்த நாள் கடந்தால் யாரும் வாய் திறக்கக்கூடாது. தோர்ப்பின் விஷயத்தில் இந்தக் கடைசி ஒன்றை மதித்திருந்தாலே, அவர் பதக்கங்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கண்மூடியிருப்பார்.