நாடு இருந்தும் கொடி இல்லை

ஸ்ரீரங்கத்துக்காரனுக்குப் பனின்னா மார்கழியில மஃப்ளர் சுத்தற அளவுதான். குளிர்கால ஒலிம்பிக்ஸ் பத்தி உனக்கென்னய்யாங்கறீங்களா? வயித்தெரிச்சல்தான்.

1991 டிசம்பர்ல சோவியத் யூனியன் காணாமப் போச்சு. ரெண்டே மாசத்துல ஆல்பர்ட்வில் போட்டி. அந்த வீரர்கள் ஒலிம்பிக் கொடியோட நடந்தாங்க. நாடே இல்லை, வேற வழி?

2014 சோச்சியில நம்மாளுங்க மூணு பேரும் அதே கொடிக்குப் பின்னாலதான் நடந்தாங்க. நம்ம நாடு எங்கய்யா போச்சு? 2012 டிசம்பர்லயே இந்திய ஒலிம்பிக் சங்கத்தை சஸ்பெண்ட் பண்ணியாச்சு. குற்றப்பத்திரிகை வாங்கினவங்க தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு விதியை மாத்தவே ஒரு வருஷம் இழுத்தடிச்சாங்க. மறுதேர்தல் நடந்தது 2014 பிப்ரவரி 9-ம் தேதி, சோச்சி தொடங்கி ரெண்டு நாள் கழிச்சு! 11-ம் தேதி தடை நீங்கிச்சு. பதினாறு வயசுல நாகானோ போன சிவ கேசவனுக்கு அது அஞ்சாவது ஒலிம்பிக்ஸ். அவரோட லூஜ் பந்தயம் 9-ம் தேதியே முடிஞ்சாச்சு. ரெண்டு நாள் ஓய், ரெண்டே நாள்!