கடைசி இரண்டு நொடிகளின் கணக்கு

போர்க்கப்பலின் கடைசி அரணாக எந்தப் பீரங்கியைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா எழும்போதெல்லாம், கருத்தரங்க மேடைகளில் ஒரே பல்லவி ஒலிக்கிறது: இந்தியக் கடற்படையின் ஏகே-630 நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 குண்டுகளைப் பொழியும், அது உள்நாட்டிலேயே தயாராகிறது, வேறென்ன வேண்டும்? வேண்டியவை இன்னும் பல உண்டு.

அவற்றைக் கணக்கிட்டுக் காணத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான நகரம் அரிது. பிரம்மோஸ் ஏவுகணையின் பாகங்கள் இந்நகரின் சாக்கையில் உருவாகின்றன. அதன் வேகம் ஒலியைப்போல் 2.8 மடங்கு, நொடிக்கு ஏறத்தாழ 950 மீட்டர். அத்தகைய ஏவுகணையொன்று எதிரியிடமிருந்து வருவதாகக் கொள்வோம். 30 மி.மீ. பீரங்கி 2 கிலோமீட்டரில் பயன்தரத் தொடங்குகிறது என்றும், 500 மீட்டருக்குள் வந்துவிட்ட ஏவுகணையைச் சிதைத்தும் பயனில்லை என்றும் வைத்துக்கொண்டால், இடையே எஞ்சுவது 1.6 நொடி. அதற்குள் ஏகே-630 சுடக்கூடியவை ஏறத்தாழ 130 குண்டுகள். எக்சோசெட் போன்று ஒலியினும் மெதுவாக வருவதற்கு 5 நொடியும் 400 குண்டுகளும் கிடைக்கும். குண்டு தைத்தாலும் ஆபத்து தீர்வதில்லை. உடைந்த துண்டுகள் அதே விசையுடன் கப்பலை நோக்கிப் பாயும்.

பீரங்கி தானே காண்பதுமில்லை. ஏகே-630இன் மேடையில் ரேடார் கிடையாது. கப்பலின் வேறோரிடத்து ரேடாரே அதற்குக் கண். ரேடாரையும் பீரங்கியையும் ஒரே மேடையில் கொண்டது அமெரிக்காவின் ஃபேலன்க்ஸ். அதைத் தாங்கிய ஸ்டார்க் கப்பலை 1987 மே 17 அன்று எக்சோசெட் தாக்கியது. 37 மாலுமிகள் மாண்டனர். பீரங்கி ஒரு குண்டும் சுடவில்லை. 2006இல் பெய்ரூட் கடலோரத்தில் இஸ்ரேலின் ஹனித் கப்பல் தாக்குண்டபோதும் அதன் தற்காப்பு அமைப்புகள் இயக்கப்பட்டிருக்கவில்லை.

இந்தியத் தேர்வுகளின் வரலாறும் ஆராயத்தக்கது. தல்வார் வகைக் கப்பல்களின் முதல் மூன்றில் பீரங்கியையும் ஏவுகணையையும் ஒருங்கே தாங்கிய கஷ்தான் இருந்தது. அடுத்த மூன்றில் அவ்விடத்துக்கு ஏகே-630 வந்தது. விக்ரமாதித்யா 2013 நவம்பரில் கடைசி அரண் எதுவுமின்றியே கடற்படையில் சேர்ந்தது. பராக்-1 ஏவுகணையும் ஏகே-630உம் பின்னரே பொருத்தப்பட்டன. 1971 டிசம்பர் 4 இரவில் கராச்சிக்கு அருகே கைபர் கப்பலை ஏவுகணையால் மூழ்கடித்த கடற்படைக்கு, அத்தகைய தாக்குதலின் கொடுமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சிறுபீரங்கியின் காலம் முடிந்துவிட்டது என்பதன்று இவ்வாதம். 2024 ஜனவரியில் செங்கடலில் கிரேவ்லி கப்பல், ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குள் வந்துவிட்ட ஏவுகணையை ஃபேலன்க்ஸால் வீழ்த்தியது. மலிவான ட்ரோன்களையும் விரைவுப் படகுகளையும் எதிர்கொள்ளச் சிறுபீரங்கியே சிக்கனமான கருவி. அப்பணிக்கு ஏகே-630 இருக்கட்டும். ஒலியை விஞ்சும் ஏவுகணைக்கு எதிராக அதையே அரண் என எண்ணுவதுதான் பிழை. அங்கே குறுந்தொலைவு ஏவுகணையும், இலக்கருகே வெடிக்குமாறு நிரலிடப்பட்ட பெருங்குண்டுகளும் வேண்டும். மேம்படுத்தப்பட்ட 16 பீரங்கிகளுக்காக ஹரித்வார் பெல் நிறுவனத்துடன் 2023 நவம்பரில் ஒப்பந்தமாயிற்று. 76 மி.மீ. வாயுடைய அவை அத்திசையில் ஓர் அடி.

தும்பாவும் வலியமலையும் அமைந்த நகரத்தின் ஆய்வாளர்கள் விளம்பரத்தாள் எண்களை மேற்கோள் காட்டுவதோடு அமைவது தகாது. எத்தொலைவில் இலக்கு தெரிகிறது, எத்தனை நொடியில் முதற்குண்டு புறப்படுகிறது, இரண்டாம் ஏவுகணை உடன்வந்தால் என்னாகும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடையளிக்காத எந்தத் தேர்வும் மாலுமியின் உயிரைப் பணயம் வைப்பதே.