லாகூரில் நாட்டுப்புற இசை கேட்கணுமா? சனிக்கிழமையில் தேடாதீங்க!

2010-இல் கோக் ஸ்டூடியோ பாகிஸ்தானில் ஆரிஃப் லோஹர் பாடிய ‘ஜுக்னி’, 2022-இல் வந்த ‘பசூரி’ இரண்டுமே எல்லை தாண்டி இந்திய மொபைல்களிலும் ஓயாமல் ஒலித்தவை. சரி, இந்த இசையின் வேரை லாகூரில் நேரடியாகக் கேட்க வேண்டும் என்றால்?

அங்குள்ள ஐடி இளைஞர் ஒருவர் சனிக்கிழமை மாலை மொபைலில் தேடினால், டிக்கெட் வைத்த அரங்குகளும், சாப்பாட்டோடு கவ்வாலி தரும் உணவகங்களும்தான் முதலில் வரும். தப்பில்லை. ஆனா, லாகூரின் இசை இரவு சனி அல்ல, வியாழன்.

ஏன் வியாழன்?

இஸ்லாமிய மரபில் சூரியன் மறைந்ததுமே அடுத்த நாள் தொடங்கிவிடும். அதனால் வியாழன் இரவு என்பது வெள்ளியின் தொடக்கம். தர்காக்களில் கூட்டம் சேரும் நேரம் அது. தாதா தர்பாரில் கவ்வாலி. ஷா ஜமால் தர்காவில் டோல் எனும் பெரிய மேளம். அதைத் தோளில் மாட்டிச் சுழன்றபடியே வாசித்த பப்பு சாயின், 2021-இல் இறக்கும் முன் பல ஆண்டுகள் அந்த இரவுகளின் அடையாளமாக இருந்தார். டிக்கெட் கிடையாது, போஸ்டர் கிடையாது.

1977 முதல் 1997 வரை பாகிஸ்தானில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அப்போது வியாழன் இரவு விழித்திருந்தாலும் மறுநாள் தூங்கலாம். விடுமுறை ஞாயிறுக்கு மாறியதும், தர்கா இரவு அலுவலக நாளில் சிக்கிக்கொண்டது.

அச்சமும் சேர்ந்தது

2010 ஜூலையில் தாதா தர்பார், அதே அக்டோபரில் கராச்சியின் அப்துல்லா ஷா காஜி தர்கா, 2017 பிப்ரவரியில் சேவான் தர்கா. மூன்று குண்டுவெடிப்புகளும் நடந்தது வியாழக்கிழமைகளில்தான். கூட்டம் என்று வருமெனத் தாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சேவானில் மட்டும் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனாலும் மறுநாளே அங்கே பக்தர்கள் மேளத்துக்கு ஆடும் ‘தமால்’ மீண்டும் நடந்தது.

மேடை போதாதா?

மேடைக்கும் நியாயம் உண்டு. கலைஞருக்குப் பேசிய சம்பளம் கிடைக்கிறது. தர்கா நெரிசலில் பெண்கள் நின்று கேட்பது இன்றும் எளிதல்ல. அரங்கில் நிம்மதியாக உட்காரலாம். ஆனா, மேடை கடிகாரம் பார்க்கும். மெல்லத் தொடங்கி மணிக்கணக்கில் வேகமேறும் தாளத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. தர்கா வெறும் கச்சேரி இடமல்ல, பள்ளிக்கூடமும்கூட. பெரியவர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அடுத்த மேளக்காரர் உருவாகிறார். கேட்க ஆள் குறைந்தால், அந்தப் பையன் கல்யாண ஆர்டர்களோடு நின்றுவிடுவான். பிறகு வார இறுதி மேடைக்கு யாரை அழைப்பது?

எனவே சனிக்கிழமை டிக்கெட் வாங்குபவர்கள் மாதத்தில் ஒரு வியாழனையாவது ஒதுக்கலாம். வெறுமனே வீடியோ எடுத்துத் திரும்பாமல், வாசிப்பவர் கையில் ஒரு நோட்டைக் கொடுக்கலாம். அங்கே டிக்கெட் அதுதான். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கொட்டாவி வரும், வரட்டுமே.