எந்தத் தோள்வலி வேண்டும்?

பழந்தமிழில் ‘தோள்வலி’ என்றால் தோளின் வலிமை. இன்று அதே சொல்லைச் சொன்னால் மருந்துக்கடைக்காரர் தைலப் புட்டியை எடுத்து நீட்டுகிறார். சொல் ஏன் இப்படி ஆயிற்று என்பதை மொழிநூலார் ஆராயட்டும். நம் விடுதி உடற்பயிற்சிக் கூடத்துக்கு முதற்பொருளைத் தேடிச் சென்று, இரண்டாம் பொருளோடு திரும்பும் நண்பர்கள் பலர் இருக்கிறார்களே, அதற்குக் காரணம் என்ன? எடை அன்று, எடையைத் தூக்கும் முறை.

மாலை ஆறு மணிக்கு அங்கே சென்று பாருங்கள். தண்டின் இருபுறமும் வட்டுகளை மாட்டி, அதைத் தலைக்கு மேல் உயர்த்த ஓர் இளைஞர் முயல்கிறார். பாதி வழியில் தண்டு நின்றுவிடுகிறது. உடனே முழங்கால் மடங்கும். இடுப்பு முன்னே தள்ளும். முதுகு வில்லாக வளையும். முகம் கூரையைப் பார்க்கும். தண்டு மேலே போய்விடுகிறது! சுற்றி நிற்போர் ‘சபாஷ்’ என்கின்றனர். கைப்பேசியில் படமும் ஏறிவிடுகிறது. ஆனால் தூக்கியது எது? பின்னால் சாய்ந்த உடம்பில் மேல்மார்புத் தசை வேலையில் பங்கு கேட்கிறது. சுமை இடுப்பு முள்ளெலும்புகளின் மேல் இறங்குகிறது. தோளுக்குப் பெயர் மட்டும்!

இது புதிய நோய் அன்று. ஒலிம்பிக்கில் 1928 முதல் 1972 வரை பளுதூக்குதலில் மூன்று வகைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று ‘பிரஸ்’. கால் உந்தாமல், நின்ற நிலையில் கைகளால் உயர்த்துவது அது. நாளடைவில் வீரர்கள் பின்னால் சாயத் தொடங்கினர். எவ்வளவு சாய்ந்தால் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நடுவர்கள் திணறினர். 1972 மியூனிக் ஒலிம்பிக்குப் பின் அந்த வகையையே நீக்கிவிட்டார்கள். நடுவர்கள் அமர்ந்த மேடையிலேயே இந்த நிலை என்றால், நடுவரே இல்லாத நம் கூடத்தில் கேட்க வேண்டுமா?

‘வேலூர்ச் சதீஷ் சிவலிங்கம் 2018 காமன்வெல்த் போட்டியில் 173 கிலோவை உயர்த்தித் தங்கம் வென்றாரே, அவர் முழங்காலை மடக்கவில்லையா?’ என்று ஒருவர் கேட்கலாம். மடக்கினார். அது ‘கிளீன் அண்டு ஜெர்க்’. காலால் உந்துவதே அதன் இலக்கணம். ஓட்டப் பந்தயத்தில் ஓடலாம். நடைப் போட்டியில் ஓடலாமா?

தோளுக்கான பயிற்சிக்கு நிமிர்வே இலக்கணம். என்.சி.சி. அணிவகுப்பில் ‘அட்டென்ஷன்’ நிற்பது போன்ற நிலையால்தான் அதற்கு ‘மிலிட்டரி பிரஸ்’ என்று பெயர். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக் கொள்க. தண்டு காறை எலும்பருகே இருக்கட்டும். பிடி தோளகலத்தைவிடச் சற்றே விரிந்திருக்கட்டும். மணிக்கட்டுக்கு நேர்கீழே முழங்கை வரட்டும். தண்டு முகத்தைத் தாண்டும்வரை தலையைச் சிறிது பின்னிழுத்து, தாண்டியதும் முன்னே கொண்டுவருக. முடிவில் தண்டு பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். அப்போது தோள்களை வலிந்து கீழே அழுத்தாதீர்கள். கை மேலே உயர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தோள்பட்டை எலும்பு சுழல்வதால் நிகழ்வது. அதைக் கட்டிப்போட்டுவிட்டுக் கையை மட்டும் உயர்த்தச் சொல்வது மூட்டுக்கு இழைக்கும் அநீதி. கர்லாக்கட்டை சுற்றிய நம் முன்னோர், எலும்புக்கூட்டின் படத்தைப் பார்க்காமலே பட்டையைத் தாராளமாகச் சுழலவிட்டவர்கள்!

டம்பெல்லைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது, சொம்பிலிருந்து நீர் ஊற்றுவது போலக் கட்டைவிரலைக் கீழே சாய்க்கச் சொல்லும் ஆசான்கள் உண்டு. கேளாதீர்கள். மேற்கை எலும்பின் தலைக்கும் அதன் மேலுள்ள எலும்பு முகட்டுக்கும் நடுவே இடம் குறைவு. கையை உள்நோக்கித் திருப்பி உயர்த்தினால் அது மேலும் குறுகும். இடையில் ஓடும் தசைநார் உரசும். கைகளைச் சற்றே முன்புறமாக வைத்துத் தோள்மட்டம் வரை உயர்த்தினால் போதும். பின்தோளைப் பற்றி என்ன சொல்ல! அது கண்ணாடியில் தெரியாது. ஆகவே அதற்குப் பயிற்சியும் இல்லை.

‘சிறிய எடையோடு நிற்க வெட்கமாக இருக்கிறதே’ என்கிறார்கள். வெட்கம் மட்டும் காரணம் அன்று. ஒரு கணக்கும் இருக்கிறது. போட்டித் தண்டின் எடை ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. வெறும் 20 கிலோத் தண்டை நிமிர்ந்து நின்று எட்டு முறை உயர்த்தப் பழகிய மாணவர் அடுத்த படி ஏற விரும்புகிறார். நம் கூடத்தில் உள்ள மிகச் சிறிய வட்டு 2.5 கிலோ. இருபுறமும் மாட்டினால் 25. ஒரே தாவலில் கால் பங்கு கூடிவிட்டது! முதுகு வளையாமல் வேறு என்ன செய்யும்? மாணவியர் நிலை இன்னும் கடினம். 15 கிலோத் தண்டே இங்கு இல்லை.

இவ்வாண்டு கூடத்துக்கு என்ன வாங்கலாம் என்று விடுதிக் குழு கேட்கும். இன்னொரு கண்ணாடி என்று நம்மில் பலர் எழுதிக் கொடுப்பர். என் வாக்கு 1.25 கிலோ வட்டு ஒரு சோடிக்கும், 15 கிலோத் தண்டு ஒன்றுக்கும். பணம் மிஞ்சினால், அரைக் கிலோ வட்டுகளும் கடையில் கிடைக்கின்றன.